கால் பாக்ஸுக்குள், கை வெளியே: கீப்பர் பந்தைப் பிடித்தால் ரெட் கார்டா?

கன்னிகாபுரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. வியாசர்பாடிப் பக்கம் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் டோர்னமென்டில் ஃபார்வர்டு ஒருவருக்கு நடுவில் ஒரு பாஸ் கிடைத்தது. அவர் பந்தை வலது கார்னர் பக்கமாகத் தள்ளிவிட்டுத் துரத்தினார். அவருக்கும் கோலுக்கும் நடுவில் இரண்டு பேக்குகள், அதாவது தடுப்பு ஆட்டக்காரர்கள், ஓடிவந்துகொண்டிருந்தார்கள். கீப்பர் வேகமாக வந்து, கோலுக்கு முன்னால் இருக்கும் செவ்வகமான பாக்ஸின் கோட்டோரம் நின்றார். இரண்டு காலும் கோட்டுக்கு உள்ளே. குனிந்து பந்தை அள்ளியதோ கோட்டுக்கு வெளியே, பாக்ஸின் முன்கோட்டை ஒட்டி இருக்கும் 'டி' வளைவுக்குள். ரெஃப்ரி ஃப்ரீ கிக் கொடுத்து மஞ்சள் கார்டு காட்டினார். "கால் உள்ளதான சார் இருக்கு, எப்படி ஃபவுல்?" என்று கீப்பரின் அணி. "வெளிய வந்து கைல புடிச்சிருக்கான், ரெட் குடுங்க சார்" என்று எதிரணி. "டி-யும் பாக்ஸோட சேர்ந்ததுதாம்ப்பா" என்று ஓரமாக நின்றிருந்த ஒரு பெரியவர். யார் சொன்னது சரி, கமிட்டியிடம் புகார் கொடுத்தால் மேட்சைத் திரும்ப நடத்துவார்களா என்பது தம்பியின் கேள்வி.

ரெஃப்ரி செய்ததுதான் சரி. கூச்சல் போட்ட மூன்று தரப்பும் தவறு. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வட சென்னை கிரவுண்டுகளில் பல வருடம் விசிலோடு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆஃப்சைடுக்கு அடுத்தபடியாக இங்கே அதிகம் வாய்த்தகராறு வருவது இந்த விஷயத்தில்தான். அதுவும் பெரும்பாலும் விதி தெரியாததால் வருகிற தகராறு.

முதலில் பாக்ஸ் என்றால் எது என்று பார்ப்போம். கோல் போஸ்ட்டின் உள்விளிம்பிலிருந்து இரு பக்கமும் 16.5 மீட்டர் அளந்து, அங்கிருந்து மைதானத்துக்குள் 16.5 மீட்டர் கோடு இழுத்து இணைக்கிறோம். இரண்டு போஸ்ட்டுக்கு இடையிலுள்ள 7.32 மீட்டரையும் சேர்த்தால் அகலம் 40.32 மீட்டர். அந்தச் செவ்வகம் மட்டுமே பெனால்டி ஏரியா. கீப்பர் கையைப் பயன்படுத்தலாம் என்று விதி கொடுத்திருக்கும் இடம் அது ஒன்றுதான்.

'டி' அதில் சேராது. பெனால்டி அடிக்கும்போது அடிப்பவரையும் கீப்பரையும் தவிர மற்ற எல்லோரும் பெனால்டி புள்ளியிலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டரில் இருக்கிறது, பாக்ஸின் முன்கோடு 16.5 மீட்டரில் இருக்கிறது. ஆக, முன்கோட்டில் வந்து நிற்பவர் புள்ளிக்கு 5.5 மீட்டர் பக்கத்தில் வந்துவிடுவார். அவரை இன்னும் தள்ளி நிறுத்தத்தான் அந்த வளைவு. பாக்ஸ் கோட்டைத் தாண்டி 3.65 மீட்டர் வரை அது நீண்டிருக்கும். பெனால்டி நேரத்தைத் தவிர வேறெப்போதும் அதற்கு வேலையே கிடையாது. ஹாக்கியில் கதை வேறு, அங்கே கீப்பர் கையாலும் காலாலும் பந்தைத் தடுக்கும் எல்லை 'டி' தான். எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஹாக்கி பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் வருவது இயல்பு. அந்தப் பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது கோடு. கோடு எந்தப் பகுதியைச் சுற்றி வளைக்கிறதோ அந்தப் பகுதிக்கே அது சொந்தம் என்பது முதல் விதியிலேயே இருக்கிறது. பாக்ஸ் கோடு பாக்ஸைச் சேர்ந்தது. 12 சென்டிமீட்டர் வரை அகலம் இருக்கலாம். கோட்டுக்கு நேர் மேலே கையால் பிடித்தால் அது உள்ளே பிடித்த கணக்கு.

இப்போது காலுக்கு வருவோம். பக்கக் கோட்டைத் தாண்டிப் போன பந்தைக் கையால் உள்ளே எறியும் த்ரோ-இன்னில்தான் கால் எங்கே இருக்கிறது என்று ரெஃப்ரி பார்ப்பார். கீப்பர் கையால் தொடும் விஷயத்தில் கால் கணக்கிலேயே வராது. கையும் பந்தும் சந்தித்த இடம் எது என்பது ஒன்றுதான் கேள்வி. உங்கள் மேட்ச் கீப்பர் இரண்டு காலையும் உள்ளே ஊன்றி நின்றார், கை கோட்டைத் தாண்டிப் போனது, பந்து அங்கே இருந்தது. அதனால் ஃபவுல். இதையே திருப்பிப் பாருங்கள். கீப்பர் பாக்ஸுக்கு வெளியே முழுசாக நிற்கிறார், பின்னால் சாய்ந்து கையை உள்ளே நீட்டி, கோட்டுக்கு உட்புறம் இருக்கும் பந்தைப் பிடிக்கிறார். ஃபவுல் இல்லை. இதற்கு ரெஃப்ரி விசில் ஊதினால் அவர்தான் தவறு. ஆனால் எத்தனை மேட்சில் "வெளிய நிக்கிறான் பாரு" என்று கத்தி இதற்கு ஃப்ரீ கிக் வாங்கியிருக்கிறார்கள்!

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல் வரும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கிரவுண்டுகள் சேறாகிக் கிடக்கும். கீப்பர் உள்ளேயே பாய்ந்து ஒழுங்காகப் பந்தைக் கட்டிப்பிடிப்பார், சேறு அவரைப் பந்தோடு சேர்த்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். பிடித்த இடம் உள்ளேதானே என்ற வாதம் நிற்காது. பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டிய பிறகும் கை அதன் மேல் இருந்தால் அந்த இடத்தில் கையால் விளையாடிய குற்றம்தான். கீப்பர் வழுக்கிக்கொண்டு போகும்போதே கையை எடுத்துவிட வேண்டும், எடுத்துவிட்டுக் காலால் அடிக்கலாம். ஆனால் இப்படி வழுக்கிப் போவதில் எதிரணியின் தாக்குதல் எதையும் அவர் திருட்டுத்தனமாகத் தடுக்கவில்லை, பந்தை ஏற்கெனவே நியாயமாக வென்றுவிட்டார். அதனால் ஃப்ரீ கிக்கோடு நிறுத்திக்கொள்வதே முறை. இதற்குக் கார்டு கேட்டு ஓடிவருகிறவர்களுக்கு நான் செவிசாய்த்ததில்லை.

கீப்பர் கையிலிருந்து பந்தைக் கீழே விட்டு உதைக்கும்போதும் இதே அளவுகோல். கையிலிருந்து பந்து விடுபட்ட இடம் உள்ளே இருந்தால் போதும். கால் பந்தைத் தொடும் இடம் வெளியே இருக்கலாம், அது குற்றமில்லை. லைன்ஸ்மேன் இருக்கிற மேட்சில் அவர் பாக்ஸ் கோட்டுக்கு நேராக வந்து நின்று இதைப் பார்ப்பார். இரண்டு விரல் அளவு வித்தியாசத்துக்கு எடுத்த எடுப்பில் விசில் ஊதாமல், "தம்பி, கோட்டைப் பார்த்து அடி" என்று ஒருமுறை எச்சரிக்கிற ரெஃப்ரிதான் ஆட்டத்தைப் புரிந்தவர் என்பது என் கருத்து. அடுத்த தடவையும் செய்தால் ஊதட்டும்.

சரி, பாக்ஸுக்கு வெளியே வந்த கீப்பர் யார்? விதியைப் பொறுத்தவரை அவர் மற்ற பத்துப் பேரைப் போல ஒரு ஆட்டக்காரர், அவ்வளவுதான். தலையால் முட்டலாம், மார்பில் வாங்கலாம், காலால் அடிக்கலாம், எதிரணியின் கோல் வரைக்கும் ஓடலாம். கையை மட்டும் மறந்துவிட வேண்டும். அதே சமயம், டிஃபென்டருக்கு இருக்கிற பாதுகாப்பு இவருக்கும் உண்டு. கையில் பந்து பட்டதெல்லாம் குற்றம் ஆகாது. வேண்டுமென்றே தொட்டாரா, அல்லது கையை இயல்புக்கு மாறாக விரித்து உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டாரா என்று பார்க்க வேண்டும். கையை விலாவோடு ஒட்டி வைத்திருக்கும்போது இரண்டடி தூரத்திலிருந்து அடித்த பந்து முழங்கையில் பட்டால் கீப்பராக இருந்தாலும் விளையாட விட வேண்டியதுதான். தோள்பட்டையும் கையில் சேராது. அக்குளின் அடிமட்டத்துக்கு நேரே கீழேதான் கை ஆரம்பிக்கிறது. ஆனால் கீப்பருக்கு ஒரு பழக்கதோஷம் உண்டு: பந்து வந்தால் இரண்டு கையும் தானாக விரிந்துவிடும். அப்படி விரிந்த கையில் பட்டால் தப்ப முடியாது.

குற்றம் என்று தீர்மானமானால் தொட்ட இடத்திலிருந்து டைரக்ட் ஃப்ரீ கிக். நேராக கோலுக்கு அடிக்கலாம். தடுக்கும் அணிக்காரர்கள் வரிசையாக நிற்கும் சுவர் 9.15 மீட்டர் தள்ளி. இதற்குப் பெனால்டி கிடையாது. இன்னும் சொன்னால், தன் கோல் பக்கம் கையால் தொட்டதற்காக ஒரு கீப்பர் மேல் பெனால்டியே வராது. வெளியே தொட்டால் அந்த இடத்திலேயே ஃப்ரீ கிக், உள்ளே தொடக் கூடாத நேரத்தில் தொட்டால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது அடித்த பந்தை இன்னொருவர் தொட்ட பிறகுதான் கோல் கணக்கு. "ஹேண்ட் சார், பெனால்டி சார்" என்று கீப்பரைக் காட்டிக் கத்துவது வீண்.

இனி கார்டு. தகராறின் உயிர்நாடி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பாக்ஸுக்கு வெளியே கீப்பர் கையால் தொட்டால் ரெட் என்று ஒரு விதி எங்கேயும் இல்லை. "கடைசி ஆள்" என்ற சொல்லும் விதிப் புத்தகத்தில் இல்லை. இருப்பது ஒரு கேள்விதான்: அந்தக் கை ஒரு கோலையோ, கோல் அடிக்கத் தெளிவாக இருந்த வாய்ப்பையோ பறித்ததா? பறித்திருந்தால் ரெட். அப்படியில்லாமல், நன்றாக வளர்ந்துவந்த ஒரு தாக்குதலை மட்டும் கெடுத்திருந்தால் மஞ்சள். இரண்டும் இல்லை, மைதானத்தின் ஓரத்தில் யாருக்கும் ஆபத்தில்லாத ஒரு பந்தைத் தெரியாத்தனமாகத் தொட்டார் என்றால் வெறும் ஃப்ரீ கிக்.

தெளிவான வாய்ப்பா என்று முடிவு செய்ய ரெஃப்ரி நான்கு விஷயங்களை எடைபோடுகிறார். குற்றம் நடந்த இடத்துக்கும் கோலுக்கும் எவ்வளவு தூரம். ஆட்டம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது. தாக்கியவர் பந்தைத் தன் வசத்தில் வைத்திருக்கவோ எட்டிப் பிடிக்கவோ எவ்வளவு சாத்தியம் இருந்தது. தடுப்பவர்கள் எத்தனை பேர், எங்கே. உங்கள் மேட்சை இதில் வைத்துப் பாருங்கள். தூரம் பதினேழு, பதினெட்டு மீட்டர், அது தாக்கியவருக்குச் சாதகம். பந்து அவருக்குக் கிடைத்திருக்கும், அதுவும் சாதகம். ஆனால் அவர் போன திசை கார்னர் கொடி. இரண்டு பேக்குகள் குறுக்கே வந்துகொண்டிருந்தார்கள். கிடைத்திருந்தால் அவருக்கு ஓரத்திலிருந்து கோல் முன்னால் அடிக்கும் ஒரு கிராஸோ, கோணம் குறைந்த ஒரு ஷாட்டோ கிடைத்திருக்கும். நல்ல தாக்குதல், தெளிவான கோல் வாய்ப்பு இல்லை. மஞ்சள். அதே இடத்தில், அதே கீப்பர், ஆனால் ஃபார்வர்டு நேராக கோலை நோக்கித் தள்ளியிருந்து குறுக்கே ஒருவரும் இல்லாமல் இருந்திருந்தால் நானும் ரெட்டைத்தான் எடுத்திருப்பேன்.

உலகம் பார்த்த ஒரு உதாரணம் சொல்கிறேன். 2025 மே மாதம் லண்டன் வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை ஃபைனல், கிரிஸ்டல் பேலஸுக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும். நீளமாக வந்த பந்தை சிட்டி ஃபார்வர்டு ஹாலண்ட் துரத்த, பேலஸ் கீப்பர் டீன் ஹென்டர்சன் பாக்ஸை விட்டு வெளியே வந்து கையால் பந்தைத் தட்டிவிட்டார். களத்தில் ரெஃப்ரி விசில் ஊதவில்லை. வீடியோவைப் பார்த்து ரெஃப்ரிக்கு உதவும் வி.ஏ.ஆர். குழு பார்த்தது. கை பட்டது படத்தில் தெரிந்தது. ஆனாலும் ஹாலண்ட் கோலை விட்டு விலகிப் போகும் திசையில் இருந்தார், அதனால் தெளிவான வாய்ப்பு பறிபோகவில்லை என்று முடிவு செய்தார்கள். ரெட் இல்லை. நேரடி ரெட்டுக்கான குற்றம் இல்லையென்றால், விட்டுப்போன ஒரு ஃப்ரீ கிக்கையோ மஞ்சளையோ கொடுக்கச் சொல்லி வி.ஏ.ஆர். தலையிட முடியாது. அதனால் ஃபவுலே கொடுக்காமல் ஆட்டம் தொடர்ந்தது. அதே ஹென்டர்சன் அன்றைக்கு சிட்டியின் மர்மூஷ் அடித்த பெனால்டியையும் தடுத்தார், பேலஸ் 1-0 என்று ஜெயித்தது. சிட்டி ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. மஞ்சளும் ஃப்ரீ கிக்கும் அங்கே கொடுத்திருக்க வேண்டியவை. ரெட் கொடுக்காதது மட்டும் விதிப்படி நிற்கிற முடிவு, ஏனென்றால் நான்கில் திசை என்பது சாதாரண விஷயமில்லை.

ரெட் சரியாக விழுந்த கதைக்கு 1994 உலகக் கோப்பைக்குப் போக வேண்டும். ஜூன் 23, நியூ ஜெர்சியில் இத்தாலியும் நார்வேயும். 21-ஆவது நிமிடத்தில் நார்வே வீரர் ஒருவர் தடுப்பைத் தாண்டித் தனியாக ஓடிவர, இத்தாலி கீப்பர் பாலியூக்கா பாக்ஸுக்கு வெளியே வந்து கையால் தடுத்தார். உலகக் கோப்பையில் ரெட் வாங்கிய முதல் கீப்பர் அவர்தான். கோலில் இன்னொரு கீப்பரை நிறுத்தியாக வேண்டும். அதற்காகப் பயிற்சியாளர் சாக்கி வெளியே எடுத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? ராபர்ட்டோ பாஜியோவை! முந்தைய வருடம் தங்கப் பந்து விருது வாங்கியவரை. பத்துப் பேரோடு ஆடி, அணியின் இன்னொரு பாஜியோவான டினோ பாஜியோ தலையால் முட்டிய கோலில் இத்தாலி 1-0 என்று தப்பித்தது. ஒரு கீப்பரின் கை எத்தனை பேரைப் பாதிக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம். நம் டோர்னமென்டுகளில் மாற்று கீப்பரே இருக்க மாட்டார், பேக் ஆடும் பையன் க்ளவுஸை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

இங்கே ஒருவர் நியாயமாகவே கேட்பார்: பாக்ஸுக்குள் கீப்பர் ஃபார்வர்டைத் தட்டிவிட்டால் பல சமயம் மஞ்சளோடு விடுகிறார்களே, வெளியே மட்டும் ஏன் ரெட்? 2016-க்கு முன்னால் உள்ளேயும் ரெட்தான். பெனால்டி, ரெட், அடுத்த மேட்ச் தடை என்று ஒரே குற்றத்துக்கு மூன்று தண்டனை ஆகிறது என்பதால் மாற்றினார்கள். பந்துக்காக முயற்சி செய்து செய்த ஃபவுல் என்றால், பறிபோன வாய்ப்பைப் பெனால்டி திருப்பிக் கொடுத்துவிடுகிறது, அதனால் மஞ்சள் போதும். பாக்ஸுக்கு வெளியே கிடைப்பது வெறும் ஃப்ரீ கிக், அது பறிபோன வாய்ப்புக்கு ஈடாகாது. அதனால் ரெட் அப்படியே இருக்கிறது. வெளியே பறித்தது தெளிவான வாய்ப்பு என்றால், கை வேண்டுமென்றே போனதா இல்லையா என்ற வேறுபாடுகூட இப்போது கீப்பரைக் காப்பாற்றாது. கை பட்டது குற்றம் என்று தீர்மானமாகிவிட்டாலே ரெட்தான்.

பாக்ஸுக்குள் கீப்பர் கையால் தொடக் கூடாத நேரங்களும் உண்டு. நம் பசங்க இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். சொந்த அணிக்காரர் வேண்டுமென்றே காலால் கீப்பருக்கு அடித்த பந்து (இதுதான் பேக் பாஸ்), சொந்த அணிக்காரர் த்ரோ-இன்னில் நேராக எறிந்த பந்து, கையிலிருந்து கீழே விட்ட பிறகு வேறு யாரும் தொடாத பந்து. இவற்றைக் கையில் எடுத்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக், கார்டு கிடையாது. கோலுக்குள் போகிற பேக் பாஸைக் கையால் நிறுத்தினாலும் கார்டு கிடையாது. "கோல் போற பந்தைக் கையால தடுத்தான், ரெட்" என்று கேட்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் விதி அப்படித்தான். பேக் பாஸ் தடை 1992-இல் வந்தது. 1990 இத்தாலி உலகக் கோப்பையில் முன்னிலை பெற்ற அணிகள் கீப்பருக்கே பந்தைத் தள்ளித்தள்ளி நேரத்தை ஓட்டிய சலிப்புக்குப் பின் வந்த நல்ல மாற்றம் அது. கையில் வைத்திருக்கும் நேரமும் 2025 ஜூலையிலிருந்து மாறிவிட்டது. எட்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர். கடைசி ஐந்து வினாடியை ரெஃப்ரி கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். பழைய ஆறு வினாடி விதியைச் சொல்லிக்கொண்டு இன்னும் பலர் சண்டை போடுகிறார்கள்.

வெளியே இருக்கும் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு உள்ளே வந்து கையில் எடுக்கலாமா என்றும் அடிக்கடி கேட்பார்கள். தாராளமாக எடுக்கலாம், மேலே சொன்ன மூன்றில் ஒன்றாக இல்லாத வரைக்கும். உங்கள் மேட்ச் கீப்பருக்கு நேரம் இருந்திருந்தால், வெளியே இருந்த அந்தப் பந்தைக் காலால் ஒரு அடி உள்ளே இழுத்துப் பிறகு எடுத்திருக்கலாம். ஒரு குற்றமும் இல்லை.

இந்த எல்லை எப்போது வந்தது என்பதில் ஒரு அருமையான கதை இருக்கிறது. 1912 வரை கீப்பர் தன் பாதி மைதானம் முழுவதும் கையால் விளையாடலாம். வேல்ஸ் நாட்டுக் கீப்பர் லீ ரிச்மண்ட் ரூஸ் இதை முழுசாகப் பயன்படுத்தினார். சண்டர்லேண்டுக்கு ஆடிய காலத்தில் பந்தைத் தரையில் தட்டித்தட்டிக்கொண்டே நடுக்கோடு வரைக்கும் ஓடுவார், அங்கிருந்து எறிவார், உதைப்பார். தடுக்க வழியில்லாமல் எதிரணிகள் திணறின. 1912-இல் கை உரிமையைப் பெனால்டி ஏரியாவுக்குள் அடைத்தார்கள். அந்த மாற்றத்துக்கு ரூஸ்தான் முக்கியக் காரணம் என்று பலரும் சொல்வார்கள். 1916-இல் முதல் உலகப் போரில் அவர் கொல்லப்பட்டார். இன்றைக்குக் கோட்டோரம் நின்று கையை இழுத்துக்கொள்கிற ஒவ்வொரு கீப்பரும் அவர் விட்டுப்போன விதிக்குள்தான் ஆடுகிறார்.

இனி நம் மைதானங்களுக்கு வருகிறேன். விதி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கோடு தெரியாவிட்டால் பயனில்லை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எங்கே போனாலும் ஒரே கிரவுண்டில் காலையில் கிரிக்கெட், மதியம் ஃபுட்பால். சுண்ணாம்புக் கோடு முதல் மேட்சிலேயே பாதி அழிந்துவிடும், மூன்றாவது மேட்சில் பாக்ஸ் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அப்போது கீப்பர்கள் பூட்ஸ் முனையால் தரையைக் கீறித் தாங்களே கோடு போட்டுக்கொள்வார்கள். செய்யாதீர்கள். மைதானத்தில் அனுமதியில்லாமல் அடையாளம் போடுவது மஞ்சள் கார்டுக்குரிய குற்றம். கோடு தெரியவில்லை என்றால் ஆட்டம் தொடங்கும் முன் கேப்டன் மூலமாக ரெஃப்ரியிடம் சொல்லிக் கமிட்டியைச் சுண்ணாம்பு போட வைக்க வேண்டும். டோர்னமென்ட் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் இதைச் சொல்கிறேன்: கப்புக்கும் ஃபிளக்ஸ் பேனருக்கும் ஆகிற செலவில் ஒரு சிறு பங்கு போதும், ஒவ்வொரு மேட்சுக்கும் நடுவே இரண்டு பாக்ஸையும் புதுப்பித்துவிடலாம். இருபது நிமிடச் சண்டை மிச்சமாகும்.

பாதியில் கீப்பரை மாற்றும் பழக்கமும் நம்மிடம் அதிகம். ஆட்டத்தின் நடுவே ரெஃப்ரியிடம் சொல்லாமல் மாற்றிக்கொண்டால், பந்து அடுத்துக் கோட்டைத் தாண்டி ஆட்டம் நிற்கும்போது இரண்டு பேருக்கும் மஞ்சள். டர்ஃபில் அணிக்கு ஐந்து பேராக ஃபைவ்ஸ் ஆடும்போது பாக்ஸின் அளவு, கீப்பர் வெளியே வரலாமா என்பதெல்லாம் அந்த இடத்துக்கு அந்த இடம் மாறும். ஆரம்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கிற விஷயம் வேறொன்று. நம் பகுதியில் ஃபார்வர்டாக வர ஆசைப்படும் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கப் பத்து அண்ணன்கள் இருக்கிறார்கள். கீப்பருக்கு யாரும் இல்லை. ஓட முடியாதவனைக் கோலில் நிறுத்து என்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பையன் காலால் பந்தைத் தொட்டே பழகியிருக்க மாட்டான். அவசரத்தில் வெளியே வந்தால் அவனுக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் கைதான், அதைத்தான் நீட்டுவான். பிறகு எல்லோரும் சேர்ந்து அவனைத்தான் திட்டுவோம். 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக ஜெர்மனியின் மனுவேல் நோயர் ஆடியதைத் தேடிப் பாருங்கள். பாக்ஸுக்கு வெளியே திரும்பத் திரும்ப ஓடிவந்து காலாலும் தலையாலும் எத்தனை ஆபத்துகளை முறித்தார்! கீப்பருக்குப் பயிற்சி கொடுக்கும்போது வாரத்தில் ஒரு நாளாவது க்ளவுஸைக் கழற்றச் சொல்லுங்கள். நடுக்கோட்டிலிருந்து நீளமான பந்துகளை உருட்டிவிடுங்கள். அவன் ஓடிவந்து முதல் தொடுதலிலேயே பக்கக் கோட்டுக்கு வெளியே அடிக்கட்டும். எம்பி வரும் பந்தைத் தலையால் முட்டட்டும். கோட்டுக்கு முந்தைய கடைசி இரண்டு எட்டில் இரு கையையும் முதுகுப் பக்கம் கொண்டுபோகப் பழக்குங்கள், பாக்ஸுக்குள் டிஃபென்டர்கள் செய்வது போல. பந்துக்குத் தன்னால் எட்ட முடியாது என்று தெரிந்தால் வெளியே வராமல் பின்வாங்கி நிற்பதும் ஒரு திறமை, அதையும் பழக்க வேண்டும்.

கடைசியாகப் புகார் பற்றி. மேட்சைத் திரும்ப நடத்த மாட்டார்கள், நடத்தவும் கூடாது. ஆட்டத்தில் நடந்த விஷயங்களில், கோல் ஆனதா இல்லையா, முடிவு என்ன என்பது உட்பட, ரெஃப்ரியின் தீர்ப்பே இறுதி என்று ஐந்தாவது விதி சொல்கிறது. கை உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா, மஞ்சளா ரெட்டா என்பதெல்லாம் அந்த வகையில்தான் வரும். மஞ்சளை ரெட்டாக மாற்றக் கமிட்டிக்கு அதிகாரம் இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு கேப்டனும் நீங்களுமாகப் போய், "சார், எதை வச்சு மஞ்சள் குடுத்தீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தப் பந்து எந்தப் பக்கம் போனது, பேக்குகள் எங்கே இருந்தார்கள் என்று அவர் சொல்வார், நானும் பலமுறை அப்படி நின்று சொல்லியிருக்கிறேன்.